உன் கேரக்டருக்கு, தூக்க முடியாத ஒரு மலை

பாப்பா, நீ அனுப்பிய கேரக்டர் ஷீட்டை இரண்டு தடவை படித்தேன். ஆயிரம் வயது, சாவே கிடையாது, பறக்கும் வாள், முறைத்துப் பார்த்தால் இயந்திரமெல்லாம் நின்றுவிடும். கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் லீவுக்குப் பெருமாள்மலை சித்தி வீட்டில் நாலு நாள் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்தும் விளையாட்டை ஆடப்போகிறீர்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் இவளுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. என் முதல் கேரக்டரும் இப்படித்தான். கதவு பூட்டியிருந்தால் உடைப்பான், ஆற்றில் வெள்ளம் வந்தால் பறப்பான். இரண்டாம் நாள் மற்ற மூன்று பேரும் தலையோடு தலை முட்டி, பாலத்தை எப்படிக் கடப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தனிமை உனக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழனிக்குப் போகும்போதெல்லாம் இடும்பன் மலையைப் பார்க்கிறோமே, அந்த இடும்பன் கதையை ஒரு கேரக்டர் ஷீட்டாக நினைத்துப் பார். அகத்தியர் சொன்னதற்காகச் சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே வருகிறான். பழனியில் இளைப்பாற இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை. மேலே ஒரு சின்னப் பையன் நிற்கிறான். சண்டை வருகிறது, இடும்பன் சாகிறான், உயிர் திரும்புகிறது, அந்தப் பையனான முருகனுக்கே காவலாக நிற்கிறான். இரண்டு மலையைச் சுமந்தான் என்பதோடு கதை நின்றிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? தூக்க முடியாமல் போன அந்த நிமிடத்தால்தான் இன்றும் தைப்பூசத்துக்கு ஊர் ஊராகக் காவடி எடுக்கிறார்கள்.

அதனால் ‘சக்திகள்’ என்று போட்டிருக்கும் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடு. பென்சிலால் மேலே ஒரு வரி எழுது: இவளால் தூக்க முடியாத மலை எது? பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்றில்லை. திருப்பிக் கொடுக்காத ஒரு கடன் போதும். பனிமூட்டத்தில் கையை விட்டுவிட்ட தம்பி போதும். ‘உலகத்தைக் காப்பாற்ற வேண்டும்’ என்று மட்டும் எழுதாதே. உலகத்துக்கு வரும் ஆபத்தை, கதையை நடத்தும் கேம் மாஸ்டர் கொண்டுவருவார். உன் கேரக்டர் கொண்டுவர வேண்டியது, ராத்திரி தூக்கம் வராததற்கு ஒரு காரணம்.

அடுத்தது, ஊர். சயின்ஸ் ஃபேன்டஸி என்றதும் நீ செவ்வாய் கிரகத்தையும் டிராகனையும் தேடிப் போயிருக்கிறாய். இயந்திரமும் மந்திரமும் ஒரே காட்சியில் நிற்கிற கதைதானே அது? நம் மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கீழே பழனியில் சித்தர் போகர். ஒன்பது பாஷாணங்களைக் கட்டி முருகன் சிலையைச் செய்தவர் அவர்தான் என்பது நம்பிக்கை. அவருடைய சமாதி மலைக்கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆகாயத்தில் பறந்து சீன தேசம் போய் வந்தார் என்றும் சொல்வார்கள். மேலே கொடைக்கானலில், 2343 மீட்டர் உயரத்தில், 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பழையதெல்லாம் கண்ணாடித் தகடுகளில். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கே இருந்துதான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருப்பது நம் கொடைக்கானலில் பார்த்தது. ரசவாதத்துக்கும் நிறமாலைக்கும் நடுவில் 64 கிலோமீட்டர் மலைப்பாதை, அவ்வளவுதான்.

காலத்தையும் மலையே கொடுக்கும். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது: 2006, 2018, அடுத்து 2030. சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைவது சராசரியாக 11 ஆண்டுக்கு ஒருமுறை. இந்த இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்றை முடிக்க 132 ஆண்டு ஆகும். ‘சூரியன் கொந்தளிக்கிற ஆண்டும் குறிஞ்சி பூக்கிற ஆண்டும் ஒன்றாக வந்தால் பழைய இயந்திரங்கள் கண் விழிக்கும்’ என்று கேம் மாஸ்டராக இருக்கப்போகிற அண்ணனிடம் சொல்லிப் பார், அவனுக்கு மூன்று ராத்திரிக்குக் கதை கிடைத்துவிடும். நான் உனக்காகக் கதையை 2354இல் வைக்கிறேன். 2018க்கு அப்புறம் குறிஞ்சி 28ஆவது தடவை பூக்கிற வருஷம். வயதைக்கூட எண்ணில் எழுத வேண்டாம். ‘இரண்டு குறிஞ்சி கண்டவள்’ என்று எழுது.

இனி ஆளை உருவாக்குவோம். இந்த வகை விளையாட்டுகள் ஒவ்வொன்றும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்யும். 1978இல் வந்த காமா வேர்ல்டில் உடம்பின் விசித்திரங்களைப் பகடை முடிவு செய்யும். 2017இல் வந்த ஸ்டார்ஃபைண்டர் இனம், பின்னணி, தொழில் என்று படிப்படியாகக் கேட்கும். எனக்குப் பிடித்தது 2013இல் வந்த நியூமெனேராவின் வழி. நான் இப்படிப்பட்ட, இன்ன ஆள், இதைச் செய்கிறவள் என்று ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் சரியாக வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எந்த விதிப்புத்தகத்தில் ஆடினாலும் முதலில் இந்த வாக்கியத்தை எழுதிக்கொள்.

நான் எழுதிப் பார்த்தது: ‘நான் பிடிவாதமான தகட்டுக்காரி, வெயிலைக் காதால் கேட்பேன்.’ பெயர் வெயிலாள். பழைய ஆய்வகத்தின் கண்ணாடித் தகடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வீட்டுப் பெண். சூரியப் புயல் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவள் காதில் இரைச்சல் கேட்கும். இயந்திரங்கள் எப்போது விழிக்கும், எப்போது செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். சக்தியை எழுதின கையோடு அது எப்போது வேலை செய்யாது என்பதையும் எழுது. அந்த விலையையும் மலையிலிருந்தே எடு. கொடைக்கானலில் பத்து நிமிடத்தில் மேகம் இறங்கி எதிரே நிற்கிற ஆள் மறைந்துவிடுவாரே, அப்படிப் பனி இறங்கினால் வெயிலாளுக்கு ஒன்றும் கேட்காது. குணா குகையின் பக்கத்திலோ தூண் பாறையின் அடியிலோ ஆபத்து வரும்போது பனி மூடியிருந்தால் அவள் வெறும் மனுஷி, பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். ‘ஒரு நாளைக்கு மூன்று தடவைதான்’ என்று எழுதுவது எளிது. ஆனால் அது மேஜையில் யார் மனதிலும் நிற்காது. பனி நிற்கும்.

அவள் தூக்க முடியாத மலையைச் சொல்கிறேன். இதை மட்டும் நிதானமாகப் படி. 1980களில் கொடைக்கானலில் பாம்பார் சோலைக்குப் பக்கத்தில் பாதரச தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001இல் மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டே ஆலை மூடியது. அங்கே வேலை செய்தவர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. பாதரச ஆவி நரம்பைத் தாக்கும், கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். அதே மலையில்தான் விஷத்தைக் கட்டி மருந்தாக்கினார் ஒருவர் என்று நாம் கும்பிடுகிறோம். ரசத்தை, அதாவது பாதரசத்தைக் கட்டுவது சித்தர் கலையின் உச்சம் என்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வெயிலாளின் பாட்டிக்குக் கை நடுங்குகிறது. சோலை மண்ணுக்குள் இன்னும் ரசம் ஓடுகிறது. அதைக் கட்டுகிற வித்தை போகரிடம் இருந்தது என்று நம்பிக்கொண்டு அவள் கீழே பழனிக்கு இறங்குகிறாள். அவளிடம் புத்தகம் இல்லை, குரு இல்லை. ஒரு குப்பியில் அந்த மண்ணிலிருந்து எடுத்த ஒரு சொட்டுப் பாதரசம் மட்டும். குப்பி உடைந்தால் யாருக்கு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. இப்போது சொல், இவளுக்குப் பறக்கும் வாள் தேவையா?

இப்படி உண்மையாக நடந்த நோவைக் கதைக்குள் கொண்டுவந்தால், ஆட ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் எல்லோரிடமும் பேசிவிடு. செஷன் சீரோ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. யாருக்கு எது வேண்டாம், எதைக் காட்டாமல் தாண்டிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துகொள்வார்கள். சித்தி வீட்டு அக்கம்பக்கத்துப் பசங்களும் விளையாட வருவார்கள். அவர்களில் ஒருவனுடைய தாத்தா அந்த ஆலையில் வேலை செய்திருக்கலாம். அவன் ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்காமல் மாற்றிக்கொள்.

பளியர் பழங்குடிக் கேரக்டர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்கலாம். ஆனால் மிருகத்தோடு பேசுகிற, புரியாத மந்திரம் சொல்கிற ‘காட்டு மனிதன்’ என்று வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரேஷன் கார்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வைத்துக்கொண்டு இன்றும் நம்மோடு வாழ்கிறவர்கள் அவர்கள். செங்குத்துப் பாறையில் கொடியைப் பிடித்து இறங்கித் தேன் எடுக்கிறார்களே, அது பல தலைமுறை கற்றுக்கொண்ட தொழில்திறமை. மந்திரம் என்று சொல்லி அந்த உழைப்பை மறைக்காதே. தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் கற்திட்டைகளுக்கும் இதே மரியாதை. அவற்றைக் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று ஊரில் சொல்வார்கள், கதைக்கு அருமையான இடம். ஆனால் அவை யாரோ தங்கள் வீட்டுச் செத்தவர்களுக்கு எழுப்பியவை.

எண்களுக்கு வருவோம், சீக்கிரம் முடித்துவிடலாம். அண்ணன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளைத்தான் கொஞ்சம் மாற்றி வைத்து ஆடப்போகிறான். ஆறு குணங்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பங்கு போட வேண்டும். அந்த 8ஐப் பார்த்துப் பயப்படாதே. 15 இருந்தால் பகடையோடு 2 கூட்டுவாய், 8 இருந்தால் 1 கழிப்பாய். 20 பக்கப் பகடையில் மொத்தம் 13ஆவது வேண்டுமென்றால், முதலாவதற்கு 20க்கு 10 வாய்ப்பு, இரண்டாவதற்கு 20க்கு 7. வித்தியாசம் வெறும் மூன்று பக்கம். ஆகையால் 8ஐ எங்கே வைத்தால் கதை சுவையாகும் என்று பார். வெயிலாளுக்கு நான் வசீகரத்தில் வைப்பேன். தகடுகளோடு வளர்ந்தவள், ஆளைப் பார்த்துப் பேச வராது, மறைக்க வேண்டியதைப் பளிச்சென்று சொல்லிவிடுவாள். 15 விவேகத்துக்கு, 14 அறிவுக்கு. மிச்சத்தை நீயே வை.

சாமான் பட்டியலில் லேசர் துப்பாக்கிக்கு ஒரு வரி போதும். பஞ்சாமிர்தத்தை எழுது. விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேர்ந்து, தண்ணீர் படாமல் வைத்தால் நாள் கணக்கில் கெடாது. இதைவிட நல்ல பயணச் சாப்பாடு எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஒரு கட்டு மலைப்பூண்டு, கம்பளி, கயிறு, தீப்பெட்டி. 2354இல் தீப்பெட்டி எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு கிளைக்கதை வரும்.

பின்கதையை அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதே. வலது பக்கம் உட்காருகிறவனிடம், ‘உன் கேரக்டருக்கு என் கேரக்டர் என்ன தர வேண்டும்?’ என்று கேள், அவன் சொல்வதை அப்படியே சேர்த்துக்கொள். இரண்டு இடத்தை வெறுமையாகவே விட்டுவை, ஆடும்போது தானாக நிரம்பும். பெயர் கூப்பிட வசதியாக இருக்கட்டும். நாலு பேர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் குழப்பம்தான்.

கடைசியாக அறிமுகம். ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள், அதற்குப் பின்னாலிருந்து தான் யார் என்று பாடுவார், கட்டியக்காரன் குறுக்கே கேள்வி கேட்பான், அப்புறம்தான் திரை விலகும். சித்தியிடம் ஒரு பழைய போர்வையைக் கேட்டு வாங்கி அப்படியே செய்யுங்கள். திரைக்குப் பின்னால் மூன்று வாக்கியம்: யார், என்ன செய்வாள், எதைத் தூக்க முடியாமல் தவிக்கிறாள். குரலை மாற்றிப் பேச வராவிட்டால் விட்டுவிடு, ஒரு கைப்பழக்கம் போதும். வெயிலாள் பேசும்போதெல்லாம் இடுப்பில் குப்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

பகடைகள் என் அலமாரி மேல்தட்டில் சிவப்புத் துணிப்பையில் இருக்கின்றன, ஏழும் இருக்கிறதா என்று எண்ணி எடுத்துக்கொள். ஷீட்டைப் பென்சிலில் எழுது, ரப்பரும் எடுத்துப்போ. வத்தலக்குண்டில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார். டம்டம் பாறை தாண்டும்போது பனி இறங்கினால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, வெயிலாளுக்குக் காது கேட்காமல் போகிற இடத்தை நானும் பார்க்கிறேன்.