நடைக்குத் துணைநிற்கும் கணுக்கால் தாங்கி

பக்கவாதத்திலிருந்து மீண்டு வீடு திரும்பியோரில் சிலர், மறுபரிசோதனைக்கு வரும்போது கணுக்கால் தாங்கியை அணிந்து வருவதில்லை. “பீரோவின்மேல் இருக்கிறது” என்பதே நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை. அளவெடுத்துச் செய்த கருவி அவ்வாறு பயனற்றுக் கிடப்பதற்குப் பெரும்பாலும் எளிதில் தீர்க்கக்கூடிய காரணங்களே உள்ளன.

தாங்கி என்ன செய்கிறது?

நாம் அடியெடுத்து வைக்கும்போது, கணுக்காலின் முன்புறத் தசைகள் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. பக்கவாதம், முழங்காலின் வெளிப்புறமாகச் செல்லும் நரம்பில் ஏற்படும் காயம், தொழுநோய், போலியோ ஆகியவற்றால் இத்தசைகள் வலுவிழந்தால் பாதம் தொங்கிவிடும். இதனைப் பாதத் தொய்வு என்கிறோம். அப்போது முழங்காலை மிக உயர்த்தியோ, காலைப் பக்கவாட்டில் வீசியோ நடக்க நேரிடும். இதனால் விரைவில் களைப்பு உண்டாகும். வாசற்படியில் விரல் தட்டி விழுந்தால், முதியோர்க்கு இடுப்பெலும்பே முறியக்கூடும்.

தாங்கி, பாதத்தைக் காலுக்கு ஏறத்தாழ 90 பாகையில் நிறுத்துகிறது. விரல்கள் தரையில் உரசுவதில்லை. கணுக்கால் உட்புறம் மடங்குவதும் தடுக்கப்படுகிறது. தொய்வு மட்டும் இருப்பின் வளைந்துகொடுக்கும் மெல்லிய தாங்கியும், தசை இறுக்கம் மிகுந்திருப்பின் உறுதியான தாங்கியும் பரிந்துரைக்கப்படும். ஆகவே, ஒருவருக்குச் செய்ததை மற்றொருவர் அணியலாகாது.

“கால் பழகிவிடாதா?”

தாங்கி அணிந்தால் கால் அதையே நம்பி மேலும் வலுவிழக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். தசைகளை மெலியச் செய்வது நடவாதிருத்தலே. தாங்கி அணிந்து நாள்தோறும் நடப்பவர், அச்சத்தால் நாற்காலியிலேயே அமர்ந்திருப்பவரைவிடத் தம் கால்களுக்கு அதிக வேலை தருகிறார். எனினும், இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளைத் தாங்கியைக் கழற்றிய பின்னரும் தொடர வேண்டும்.

அணியும் முறை

1. முழங்கால் நீளப் பருத்திக் காலுறையைச் சுருக்கமின்றி அணிக.
2. அமர்ந்து முழங்காலை மடக்கி, குதிகாலைத் தாங்கியின் பின்புறம் நன்கு பதியுமாறு வைக்கவும்.
3. கணுக்கால் பட்டையை முதலில் இறுக்கி, பின்னர் மேற்பட்டையைப் பூட்டவும்.
4. வாய் அகன்று திறக்கும், பின்புறம் மூடிய காலணியை அணியவும். தேவைப்பட்டால் அதன் உள்தகட்டை அகற்றலாம்.

காலணியைக் கழற்றிவிட்டே வீட்டுக்குள் நுழைவது நம் வழக்கம். ஆனால், காலணியின்றித் தாங்கியுடன் டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். வீட்டினுள் அணிய ஒரு தனி இணையை ஒதுக்கிவையுங்கள். அதன் குதி உயரம் வெளியே அணியும் காலணியின் உயரத்தை ஒத்திருக்கட்டும்; உயரம் மாறினால் முழங்காலின் நிலையும் மாறும்.

தோலைக் கவனியுங்கள்

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பின்னர் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். கழற்றியவுடன் கணுக்கால் எலும்பு, குதிகால், பாதத்தின் ஓரங்கள் ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். செம்மையோ கருமையோ அரை மணி நேரத்தில் மறையாவிட்டாலும், கொப்புளம் தோன்றினாலும், தாங்கியை அணிவதை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள். நீங்களே பட்டையைத் தளர்த்தியோ பஞ்சு வைத்தோ சமாளிக்க வேண்டாம். நீரிழிவு உள்ளோர்க்கும் உணர்ச்சி குன்றியோர்க்கும் வலி தெரியாமல் போகலாம்; எனவே, குடும்பத்தார் ஒருவர் நாள்தோறும் பார்ப்பது இன்றியமையாதது.

குடும்பத்தாருக்கு

நடக்கும்போது நோயாளியின் வலுவிழந்த பக்கத்தில், சற்றுப் பின்னால் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது வலுவிழந்த காலும் முதலில் செல்லட்டும். தாங்கியை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் நிற்கும் காரினுள் விட்டுவைத்தால் பிளாஸ்டிக் உருமாறக்கூடும். குழந்தைகள் வளர்வதால், அவர்களுடைய தாங்கியின் அளவை அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது தாங்கியையும் காலணியையும் தவறாமல் கொண்டுவாருங்கள். உறுத்துகிறது என்பதற்காக அதை ஒதுக்கிவைத்திருந்தாலும் தயங்காமல் கூறுங்கள். உறுத்தும் இடத்தைச் சரிசெய்து தருவது எங்கள் பணி.