புறா பால் கொடுக்கிறதே, அதுவும் பாலூட்டியா?

விலங்கியல் கேள்வி-பதில்: இந்த இதழில் பாலூட்டிகள்

கேள்வி: புறா தன் குஞ்சுக்குப் பால் கொடுக்கும் என்று தாத்தா சொல்கிறார். புத்தகத்தில் புறாவைப் பறவை என்று போட்டிருக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஆறாம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: இரண்டு பேரும் சரி. புறாவின் கழுத்துக்குக் கீழே, தின்ற இரையை முதலில் சேர்த்து வைக்கும் தீனிப்பை ஒன்று உண்டு. குஞ்சு பொரிக்கும் சமயத்தில் அந்தப் பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த செல்கள் உதிரத் தொடங்கும். திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக இருக்கும் அதைத்தான் புறாப்பால் என்கிறோம். தாய்ப்புறா மட்டுமில்லை, தகப்பன் புறாவும் அதைக் கக்கி ஊட்டும். முதல் சில நாள் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. பூநாரையும் இப்படித்தான் செய்கிறது.

ஆனால் இதை வைத்துப் புறாவைப் பாலூட்டி வரிசையில் சேர்க்க முடியாது. மாடு, பூனை, நாம் எல்லோருக்கும் பால் சுரப்பது தோலில் இருந்து உருவான தனிச் சுரப்பியில். வியர்வைச் சுரப்பிக்கு அது தூரத்து உறவு. புறாவுக்கு அந்தச் சுரப்பி கிடையாது. உடம்பில் முடியும் கிடையாது, இறகுதான். பால் சுரப்பி, முடி, இந்த இரண்டையும் முதலில் தேடு. பறக்கிறதா, நீந்துகிறதா, முட்டை இடுகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடலில் இருக்கும் ஆவுளியாவுக்கு முடியே இல்லை. தோல் மொழுமொழுவென்று இருக்கும் என்று அப்பா சொன்னார். அதை எப்படிப் பாலூட்டி என்கிறார்கள்?
– ஏழாம் வகுப்பு மாணவர், தொண்டி

பதில்: படகில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கிட்டே போனால், உடம்பு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய முடிகளும், வாயைச் சுற்றி விறைப்பான மயிர்களும் இருக்கும். கடலடியில் மேயும்போது புல்லைத் தடவிக் கண்டுபிடிக்க அந்த வாய் மயிர் உதவுகிறது. கடற்புல்தான் அதன் உணவு. கடல் பசு என்ற பெயரும் அதனால்தான். ஆனால் உறவுமுறையில் அது பசுவுக்கு அந்நியம், யானைக்குத்தான் நெருக்கம். பால் காம்பு இருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். பசுவுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவே மடி. யானைக்கு முன்னங்கால்களுக்கு இடையே. ஆவுளியாவுக்குத் துடுப்பின் கக்கத்தில்.

ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். மீனைப் போலச் செவுள் இல்லாததால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். வலையில் ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்து விடுகிற மீனவர்கள் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டுப் பார், கதை நிறையக் கிடைக்கும்.

கேள்வி: முட்டையிடும் பாலூட்டி உண்டா?
– ஐந்தாம் வகுப்பு மாணவர், கரூர்

பதில்: உண்டு. வாத்தலகி, அப்புறம் நான்கு வகை எகிட்னா. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மட்டுமே இவை இருக்கின்றன. 1799-இல் வாத்தலகியின் தோலை வைத்து அதை விவரித்த ஆங்கில விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்து அலகை ஒட்டித் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அது முட்டையிடுவது உறுதியாக 1884 வரை ஆனது. அதற்குக் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசியும், குட்டிகள் அதைக் குடிக்கும்.

கேள்வி: பல கோடி ஆண்டுக்கு முன் செத்த விலங்கின் எலும்புதானே மண்ணில் கிடைக்கும்? முடியும் பால் சுரப்பியும் மக்கிப் போயிருக்குமே. அது பாலூட்டி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அரியலூர்

பதில்: காலடியிலேயே புதைபடிவம் கிடைக்கிற ஊர்க்காரி கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் கீழ்த்தாடையைப் பார்ப்பார்கள். பல்லி, முதலை, பறவைக்கெல்லாம் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் பல எலும்புகள் சேர்ந்து ஆனது. பாலூட்டிக்கு ஒரு பக்கத்துக்கு ஒரே எலும்பு. மற்றவை எங்கே? சில காதுக்குள் போய்விட்டன. நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன. முதல் இரண்டும் நம் மூதாதைகளின் தாடை மூட்டில் இருந்தவை. தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, கடிக்கிற வேலையை விட்டு ஒலி கடத்துகிற வேலைக்கு வந்துவிட்டன. கங்காரு போன்ற பைம்மாக்களின் குட்டி பிறக்கும்போது இவை தாடை மூட்டாகவே வேலை செய்யும். வளர வளரத்தான் காதுக்கு ஒதுங்கும்.

திமிங்கிலத்தின் பூர்வீகத்தைச் சொன்னதும் ஒரு காதெலும்புதான். இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ், ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்து, 1971-இல் இண்டோஹையஸ் என்ற விலங்கை உலகுக்குச் சொன்னார். அவர் சேர்த்த பாறைகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி கைதவறி உடைந்தது. உள்ளே பார்த்தால், எலும்பின் ஒரு பக்கச் சுவர் நன்றாகத் தடித்திருந்தது. அதுவரை திமிங்கிலக் கூட்டத்தில் மட்டுமே கண்ட அமைப்பு அது! ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த, பூனை அளவே உள்ள, குளம்புக்கால் பிராணி ஒன்று திமிங்கிலத்தின் நெருங்கிய சொந்தம் என்று 2007-இல் தெரிந்தது இப்படித்தான். கைதவறியதிலும் ஒரு லாபம்.

கேள்வி: வௌவால் பறவை இல்லை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததில் இருந்து என் மகன் ஆயிரம் கேள்வி கேட்கிறான். அவனுக்குச் சொல்ல ஏதாவது சுவையான செய்தி உண்டா?
– ஒரு தாய், தேனி

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, அம்மா. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குக் கொடுத்தார். ஏதோ சாதாரண வகை என்று பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டுக் காலம் அது அப்படியே கிடந்தது. 1972-இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புது இனம் என்று கண்டுபிடித்து, சாலிம் அலியின் பெயரை வைத்தார். பறவை மனிதரின் பெயர் வௌவாலுக்குப் போன வேடிக்கையை மகனிடம் சொல்லுங்கள். கிட்டியின் பெயரும் பிறகு ஒரு வௌவாலுக்கே போனது. தாய்லாந்துக் குகைகளில் இருக்கும் அது சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், 2 கிராம் எடை. உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று.

வௌவாலின் இறக்கை அதன் கைதான். நீண்டு வளர்ந்த விரல்களுக்கு நடுவே தோல் விரிந்திருக்கிறது.

கேள்வி: மூஞ்சூறும் எலியும் ஒன்றுதானே?
– நான்காம் வகுப்பு மாணவர், திருவாரூர்

பதில்: இல்லை. இரண்டும் பாலூட்டிதான், ஆனால் வேறு வேறு குடும்பம். எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். மூஞ்சூறு பூச்சி தின்னி: கூரிய சின்னப் பற்கள், நீண்ட மூக்கு, மோசமான பார்வை. சுவரோரமாகவே ஓடும், கிட்டே வந்தால் வாடை அடிக்கும். குட்டிகள் ஒன்றன் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு, தாயின் பின்னால் வரிசையாகப் போகும். வீட்டுக்குள் வந்தால் கரப்பான்பூச்சியைத்தான் தேடும். எலி மருந்து வைக்க வேண்டாம், கதவைத் திறந்துவிட்டு ஓரமாக விரட்டினால் போய்விடும்.