அம்மை பெயரில் ஆராய்ச்சிக்குப் பணம்

கேள்வி: எங்கள் அம்மை கன்னத்தில் புற்றுநோய் வந்து போன வருஷம் இறந்துபோனாள். வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. ஆண்டுத் திவசத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட வேண்டும் என்கிறான் அண்ணன். எனக்கோ, அம்மை சேர்த்து வைத்த 50,000 ரூபாயைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. அவள் பெயரில் டிரஸ்ட் தொடங்கலாமா? அம்மை பிறந்தது மணவாளக்குறிச்சி. கடற்கரை மணல்தான் நோய்க்குக் காரணம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
- வாசகி, பூதப்பாண்டி

பதில்: டிரஸ்ட் வேண்டாம். பதிவுச் செலவு, ஆடிட்டர் கூலி எல்லாம் போனால் மிஞ்சுவது அம்மை பெயர் போட்ட பலகைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது 1954-ல். சட்டமேலவைத் துணைத் தலைவராக இருந்தவருக்கே 31 வருஷம்! இருக்கிற இடத்துக்குக் கொடுங்கள்: அடையாறு, அல்லது உங்களுக்குப் பக்கமான திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்.சி.சி.).

மணல் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு விடை கண்டதும் ஆர்.சி.சி.தான். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்னும் கதிர்வீசும் கனிமம் கொல்லம் கருநாகப்பள்ளியிலும் உண்டு. அங்கே வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் முடிவு வந்தது. மணலை விடுங்கள், புகையிலையைப் பாருங்கள்.

அம்மையின் நோய்க்கு நேர் சம்பந்தமான ஆராய்ச்சி 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் தொடங்கியது. பெரிய மெஷின் கிடையாது, புது மருந்து கிடையாது. மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஆளை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு என்று பார்த்து, வெள்ளைப் படையோ சிவந்த திட்டோ இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, இப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் லான்செட் மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. கதவைத் திறந்து வாயைக் காட்டிய குடும்பங்கள் இல்லாமல் இது நடந்திருக்குமா? என்னைக் கேட்டால், பணத்தைவிட அதுதான் பெரிய நன்கொடை.

உங்களாலும் அப்படி ஒன்று முடியும். மரணப் பதிவில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் வெட்கப்பட்டு 'வயசாகிப் போச்சு' என்று எழுதவைக்கிறவர்கள் உண்டு. மறைத்த சாவு எந்தக் கணக்கிலும் வராது. புற்றுநோய்ப் பதிவேட்டுக்காக யாராவது விசாரித்து வந்தால், பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்கள். சஞ்சயனத்தோடு ஃபைலையும் கொளுத்திவிடும் வீடுகள் எனக்குத் தெரியும்.

பணத்தைச் செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. கடிதத்தில் 'ஆராய்ச்சிக்கு' என்று குறிப்பிடாவிட்டால் பொதுக் கணக்கில் சேரும். அதுவும் கெட்ட செலவு இல்லை, ஏழை நோயாளிக்குப் போகலாம்.

சாப்பாட்டுக்காக அண்ணனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 40,000-ஐ ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, மீதியில் அவர் இலை போடட்டும். பந்தி முடிந்ததும் வைக்கிற தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும், புகையிலை வேண்டாம். அண்ணனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால், திவசத்துக்கு முன்பே ஒருநாள் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போய் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.