உருளும் டயரின் அதிர்வு

சக்கரத்தின் வரலாறு மிக நெடியது. காற்றடைத்த சக்கரத்தின் வரலாறோ இரு நூற்றாண்டும் நிரம்பாதது. 1845-ஆம் ஆண்டில் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பார் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அது வழக்கில் நிலைபெறாது மறைய, பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியராகிய ஜான் பாய்டு டன்லப் தாமே அதனைப் புதிதாகக் கண்டு 1888-இல் உரிமை பெற்றார். குலுக்கலைத் தணிக்கப் பிறந்த இச்சாதனம் தானும் அதிர்கின்றது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சியால் யாது பயன் எனின், கூறுதும். சீரான வேகத்தில் விரைந்தோடும் மோட்டார் வண்டியில் எஞ்சினின் ஓசையினும் டயரின் ஓசையே மிகும். மின்சார வண்டி வந்த பின்னும் இவ்வோசை ஒழிந்திலது. பெருஞ்சாலையோரத்துக் குடியிருப்போரின் உறக்கத்தைக் கெடுப்பது இதுவேயன்றோ? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வரும் டயரின் ஓசையளவை அதன் சீட்டில் குறித்தல் வேண்டுமென விதித்ததும் இதுபற்றியே.

அதிர்வு பிறக்குமாற்றை முதற்கண் காண்போம். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள டயர், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் விநாடிக்குப் பத்து முறை சுழலும். அதன் மேற்பட்டையில் 70 ரப்பர்க் கட்டிகள் வரிசையாக இருப்பின், விநாடிக்கு 700 முறை அவை சாலையை அறையும். கட்டிகள் யாவும் ஒரே நீளத்தனவாயின் ஒரே சுருதியில் ஊளையெழும். அதனால், செய்வோர் அவற்றின் நீளத்தை வேறுபடுத்தி அமைத்து ஓசையைப் பல சுருதிகளிற் பரப்பி விடுகின்றனர்.

இனி, டயருள் அடைபட்ட காற்றும் ஒலிக்கும். அக்காற்று வளையத்தின் நடுச்சுற்று ஒன்றரை மீட்டர் எனக் கொள்வோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லுமாதலின், அது விநாடிக்கு 227 முறை சுற்றி வரும். அதுவே அக்காற்றின் இயற்கை அதிர்வெண். டயர் உருளுங்கால் காற்றும் உடன்சுழலும். எனவே, அசையாது நிற்கும் அச்சிற்கு இவ்வெண் ஏறத்தாழ 217, 237 என இரண்டாகப் பிளவுபட்டுத் தோன்றும். சுழலும் மணியின் ஒலியில் எழும் விம்மலை ஜி. எச். பிரையன் என்னும் அறிஞர் 1890-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அதிர்வின் அசையா நிலைகள் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. மணியோடு முற்றும் உடன்செல்வதுமில்லை. பின்தங்கியே செல்லும் என்றார் அவர். டயரின் கணிதத்திற்கும் இஃது அடிப்படையாயிற்று.

அளக்கும் முறை பலவாம். நிற்கும் டயரைச் சிறு சுத்தியால் தட்டி அதிர்வைப் பதிதல் எளிய முறை. உருளும் டயரை அளத்தலோ அரிது. பெரிய உருளையொன்றின்மேல் டயரை ஓடவிட்டு, உருளையிற் பொருத்திய கட்டையால் சுற்றுக்கொருமுறை அதனை மோதச் செய்வர். டயரின் உட்புறத்தில் ஒட்டிய நுண்கருவி தன் செய்தியை ரேடியோ அலையால் வெளியே அனுப்பும். அல்லது வெளியே நிறுத்திய லேஸர்க் கதிர், டயரிற்பட்டு மீளுங்கால் தன் அதிர்வெண்ணில் அடையும் மாறுதலால் பரப்பின் வேகத்தை உணர்த்தும். முன்னது டயரோடு சுழன்று காண்பது. பின்னது புறத்தே நின்று காண்பது. இரண்டையும் ஒப்பிடுவோர் சுழற்சியைக் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இனி, கணித உருவம் ஒன்றைச் சொல்வோம். மேற்பட்டையை வளையும் இயல்புடைய ஒரு வளையமாகவும், பக்கச் சுவரையும் காற்றையும் அதனைத் தாங்கும் சுருள்வில்களாகவும் கொள்வது பழைய எளிய முறை. தாழ்ந்த அதிர்வெண்களுக்கு இது போதும். உயர்ந்தவற்றில் பட்டை தன் அகலத்திலும் நெளியுமாதலின், டயரைப் பல்லாயிரஞ் சிறு கூறுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டர் கொண்டு கணக்கிடுகின்றனர்.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. நின்ற நிலையில் அளந்த இயற்கை அதிர்வெண்கள், டயர் உருளத் தொடங்கியதும் குறைந்து விடுகின்றன. கரித்தூள் கலந்த ரப்பர், மிகுதியாக வளைக்கப்படுங்கால் இளகும் தன்மையது. உருளும் டயரோ ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி வளைகின்றது. ஆதலின் நிற்பதை அளந்து பெற்ற எண்களைக் கொண்டே ஓடுவதன் இயல்பை வரையறுத்தல் பிழைபடும். நிகண்டிற் கண்ட சொல்லின் பொருளை வழக்கிலும் வைத்து நோக்குதல் வேண்டும் என்பது தமிழ் பயிலும் நாம் அறிந்ததே. பௌதிகம் பயிலும் நம் நண்பர்க்கும் அந்நெறியே உரியதென்பதை உருளும் டயர் காட்டுகின்றது.