ரயில் மோதியது, தவறு யாருடையது?

மாணவர்களே, ரயில் பாதையைச் சாலை குறுக்கிடும் இடத்தில் விபத்து நடந்தால், "ஓட்டுநர் கவனக்குறைவு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். புலனாய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் முதலில் தூரத்தையும் நேரத்தையும் அளக்கிறார்கள்.

1995 அக்டோபர் 25, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள ஃபாக்ஸ் ரிவர் குரோவ். ஒரு பள்ளிப் பேருந்து ரயில் பாதையைக் கடந்து, சிவப்பு விளக்கைக் கண்டு நின்றது. அதன் பின்பகுதி சுமார் 1 மீட்டர் அளவுக்கு ரயிலின் வழியில் நீண்டிருந்தது. விரைவு ரயில் மோதியதில் 7 மாணவர்கள் உயிரிழந்தனர்.

ரயிலை நிறுத்தியிருக்க முடியாதா?

ரயிலின் வேகம் மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். எளிமைக்காக எதிர்முடுக்கத்தை 1 மீ/வி² எனக் கொள்வோம்.

நிற்கும் தூரம் = வேகம்² ÷ (2 × எதிர்முடுக்கம்) = 900 ÷ 2 = 450 மீட்டர்

அதே வேகத்தில் செல்லும் காரின் எதிர்முடுக்கம் 7 மீ/வி² என்றால், 64 மீட்டரில் நின்றுவிடும். ரயில் கனமாக இருப்பதுதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். உராய்வு விசை எடையைப் பொறுத்துக் கூடுவதால், சமன்பாட்டில் நிறை நீங்கிவிடும். எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு என்பதே உண்மைக் காரணம். ரயில் ஓட்டுநர் பிரேக் போட்டும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

பேருந்து ஓட்டுநர்?

அவர் அன்று மாற்றாக வந்தவர். தண்டவாளத்துக்கும் நிறுத்தக் கோட்டுக்கும் இடையிலான இடம் பேருந்தின் நீளத்தைவிடக் குறைவு. ரயில் வருவதற்குக் குறைந்தது 20 வினாடிக்கு முன் எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் குறுக்குச் சாலையில் பாதசாரிகள் கடக்கவும், மஞ்சள், சிவப்பு விளக்குகள் எரியவுமே அதில் பெரும்பகுதி செலவானது. பேருந்துக்குப் பச்சை கிடைத்தது மோதலுக்குச் சில வினாடிக்கு முன்புதான்.

முடிவு என்ன?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பழியை ஒருவர்மேல் மட்டும் சுமத்தவில்லை. வழியிலுள்ள ஆபத்தைக் கண்டறிந்து ஓட்டுநர்களுக்குச் சொல்லாத பள்ளி நிர்வாகம், இடமும் பச்சை நேரமும் போதாததைக் கவனிக்காத மாநிலப் போக்குவரத்துத் துறை ஆகியவற்றைச் சுட்டியது. ரயில் சமிக்ஞையும் சாலைச் சமிக்ஞையும் எப்படி இணைந்து இயங்குகின்றன என்பதில் அத்துறைக்கும் ரயில் நிறுவனத்துக்கும் தெளிவான தகவல் பரிமாற்றம் இல்லாததையும் குறிப்பிட்டது.

நீங்களே கணக்கிடுங்கள்

நின்றிருக்கும் பேருந்து 0.5 மீ/வி² முடுக்கத்தில் 1 மீட்டர் நகர எத்தனை வினாடி ஆகும்? (விடை: 2.) ஓட்டுநர் பச்சையைக் கண்டு செயல்படும் நேரத்தையும் அதனுடன் கூட்டிப் பாருங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்: மறுபுறம் உங்கள் வாகனம் முழுவதும் நிற்க இடமிருந்தால் மட்டுமே தண்டவாளத்தில் ஏற வேண்டும்.