கூட்டத்தில் எல்லாரும் வாய் திறக்க...

கொத்மலைப் பக்கத் தோட்டங்களில் மாதர் சங்கமோ மரண உதவிச் சங்கமோ, கூட்டத்தில் பேசுவது இரண்டு பேர்தான். மற்றவர்கள் மனசில் இருப்பது லயத்து வாசலுக்குப் போன பிறகுதான் வெளியே வரும். அதைக் கூட்டத்திலேயே வரவைக்க, காசு செலவில்லாத சில வழிகள்:

1. மேசை, கதிரை வேண்டாம். படங்கை விரித்து வட்டமாக உட்காருங்கள். முன்னால் ஒருவர் நின்றால் பிரட்டுக்களம் மாதிரி ஆகிவிடும், பேர் கூப்பிட்டால்தான் குரல் வரும்.

2. முதல் கேள்வி எல்லாருக்கும் பதில் தெரிந்ததாக இருக்கட்டும். "இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்காதீர்கள், கொழுந்து குறைந்தவர் சுருங்கிப் போவார். "காலையில ரொட்டிக்கு என்ன சம்பல்?" என்றால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

3. பழைய டோர்ச் லைட்டை மைக்காக நீட்டி, "உங்க லயத்துச் செய்தி என்ன?" என்று கேளுங்கள். 1989இல் தொடங்கிய நம்ம கொத்மலை சமூக வானொலியும் சனங்களையே பேச வைத்துத்தானே பெயர் எடுத்தது! எங்கள் கூட்டத்தில் முதல் நாளே ஒரு பாட்டி, மூன்று நாளாகப் பீலியில் தண்ணி வராததை அந்த டோர்ச்சில்தான் சொன்னார்.

4. புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளையிடம் "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றால் தலை குனிந்துவிடும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து கொஞ்ச நேரம் கதைக்க விடுங்கள். பிறகு பக்கத்து ஆளின் பேரையும் அவருக்குக் கைவந்த வேலை ஒன்றையும் மற்றவர் சொல்லட்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சம், அடுத்தவரைப் பாராட்டக் கூச்சமில்லை.

5. ஆளுக்கு மூன்று தீக்குச்சி கொடுங்கள். ஒரு தடவை பேசினால் ஒன்றை நடுவில் போடவேண்டும். மூன்றும் தீர்ந்தவர், மற்றவர்களுடையது தீரும்வரை பொறுத்திருக்க வேண்டும். "போதும், உட்காருங்க" என்று யார் மனசையும் நோகடிக்க வேண்டியதில்லை, குச்சியும் அடுப்புக்கு ஆகும்.

6. எழுதச் சொல்லாதீர்கள், எழுத்து வராதவர் அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். சம்மதமென்றால் ஒரு தேயிலை இலை, இல்லையென்றால் ஒரு சின்னக் கல் என்று மூடிய டின்னில் போடச் சொல்லுங்கள்.

7. தேத்தண்ணியைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே ஊற்றுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வருகிறவர்கள், பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையையும் தூக்கி வந்திருப்பார்கள். அதனால் இந்த மாதிரி விளையாட்டுக்குப் பத்தே நிமிஷம், அதற்குமேல் இழுக்காதீர்கள்.