கதவைச் சாத்துவது யார்?

மேல்நிலை முதலாம் ஆண்டு விலங்கியலில் தசைச் சுருக்கம் நடத்தும்போது ஒரு வரியை வேகமாகத் தாண்டிவிடுவேன். கால்சியம் அயனிகள் வெளியேறி ட்ரோபோனினுடன் இணைகின்றன என்ற வரிதான் அது. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் எழுதுவார்கள், மதிப்பெண்ணும் வரும். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "சார், கால்சியம் வேணும்னு பால் குடிக்கச் சொல்றீங்க. அப்புறம் செல் ஏன் அதை வெளியவே தள்ளிக்கிட்டு இருக்கு?" என்றாள். பக்கத்து வரிசையில் இருந்தவன் விடவில்லை. "கதவு திறந்தா கால்சியம் உள்ள வருது, சரி. சாத்துறது யாரு சார்?"

"தானாவே சாத்திக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பதில் உறுத்தியது.

முதல் கேள்விக்கு விடை வேதியியல் ஆய்வகத்திலேயே இருக்கிறது. கால்சியம் குளோரைடு கரைசலில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலைச் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு வரும். எலும்புக்கு அந்தப் படிவு வேண்டும். ஆனால் ஏ.டி.பி. முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் பாஸ்பேட்டை நம்பி வாழும் செல்லுக்குள் கால்சியம் நிறைந்தால் வேலையே நின்றுபோகும். அதனால் செல் ஆற்றலைச் செலவழித்து அதை வெளியேற்றுகிறது. செல்லுக்கு வெளியே கட்டற்ற கால்சியம் உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு இருக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. வெள்ளைச் சட்டையில் ஒரு மைத்துளி பட்டாலும் பளிச்சென்று தெரிவதுபோல, உள்ளே கொஞ்சம் கால்சியம் நுழைந்தாலே அது செல்லுக்குச் செய்தியாகிவிடுகிறது.

செய்தியைப் படிக்க ஆள் வேண்டுமே! அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் ஒன்று கால்மோடுலின். 148 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் ஓர் அமினோ அமிலம்கூட மாறாமல் இருக்கிறது. அதில் கால்சியத்தைப் பிடிக்கும் இடங்கள் நான்கு, பாதிக்கு இரண்டாக. ஒவ்வோர் இடமும், நீட்டிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பொருளைப் பிடிப்பதுபோன்ற அமைப்பு. கெண்டை மீன் தசையில் உள்ள வேறொரு புரதத்தில் இதை முதலில் கண்ட கிரெட்சிங்கர், கையோடு ஒப்பிட்டு 'ஈ.எஃப். கை' என்று பெயரிட்டார். ஆசிரியருக்கு வேலையை எளிதாக்கிய பெயர் அது.

அடுத்த வாரம் இரண்டு மாணவர்களை அழைத்து இடுப்பில் ஒரு துண்டால் பிணைத்தேன். இரண்டு பாதிகள், நடுவே வளையும் இணைப்பு, மொத்தம் நான்கு கைகள். கால்மோடுலின் தயார். வகுப்பறைக் கதவுதான் கால்சியம் கால்வாய், சாக்பீஸ்கள்தான் கால்சியம். (சுண்ணாம்பால் செய்ததோ ஜிப்சத்தால் செய்ததோ, எந்த சாக்பீசிலும் கால்சியம் உண்டு. பொருத்தமான வேடம்தான்!) வராந்தாவில் நின்றவர்கள் ஒவ்வொன்றாக உள்ளே உருட்ட வேண்டும். கைகளில் சாக்பீஸ் வந்ததும் இந்த இருவரும் கதவைச் சாத்த வேண்டும்.

முதல் முறை சொதப்பியது. இருவரையும் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அவர்கள் பொறுக்கிக்கொண்டு கதவை அடைவதற்குள் தரையெல்லாம் சாக்பீஸ். "அவங்களைக் கதவுகிட்டயே நிக்க வச்சா என்ன சார்?" என்று கேட்டாள் அதே மாணவி. இதயத் தசையிலும் நரம்பிலும் உள்ள எல் வகைக் கால்சியம் கால்வாயைப் பற்றி 1990களின் இறுதியில் ஆய்வாளர்கள் கண்டதும் இதைத்தான். கால்சியம் இல்லாதபோதே கால்மோடுலின் கால்வாயின் உட்புற வால்பகுதியில் தொற்றிக்கொண்டு காத்திருக்கிறது. உள்ளே வரும் கால்சியத்தைப் பிடித்ததும் அதன் வடிவம் மாறுகிறது, கால்வாய் அடங்குகிறது. தன் வழியே வந்த பொருளாலேயே கதவு மூடிக்கொள்கிறது. மின்னழுத்த மாற்றத்தாலும் கால்வாய் அடங்கும் என்பதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு அரைகுறைப் பதிலுக்குப் பதில் இன்னொன்று கொடுத்ததாகிவிடும். கால்மோடுலின் பற்றும் இடத்துக்கு ஐ.க்யூ. பகுதி என்று பெயர். நுண்ணறிவு ஈவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐசோலூசின், குளூட்டமின் ஆகியவற்றின் ஓரெழுத்துக் குறியீடுகள்தான்.

இதை நடத்த எனக்குப் பிடித்த உயிரி பாரமீசியம். அது எதிலாவது முட்டினால் குறு இழைகளில் உள்ள கால்வாய்கள் திறந்து கால்சியம் நுழையும். இழைகள் எதிர்த்திசையில் அடிக்க, உயிரி பின்னோக்கி நீந்தும். நுழைந்த கால்சியமே கால்வாயை அடக்குகிறது என்பதை 1978இல் பிரெம், எக்கர்ட் இருவரும் காட்டியது இந்தப் பாரமீசியத்தில்தான். பிறகு விஸ்கான்சினில் சிங் குங் குழுவினர் கால்மோடுலின் பழுதான பாரமீசியங்களை ஆராய்ந்தார்கள். ஒரு வகை, சின்னத் தூண்டலுக்கே நீண்ட நேரம் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் அஞ்சுவது என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்னொரு வகை, தூண்டினாலும் கண்டுகொள்ளாது. 1990இல் காரணம் வெளியானது. முதல் வகையில் பழுது கால்மோடுலினின் பின்பாதியில். அதனால் கால்சியம் இயக்கும் பொட்டாசிய மின்னோட்டம் கெட்டது. இரண்டாம் வகையில் பழுது முன்பாதியில். கெட்டது சோடிய மின்னோட்டம். துண்டால் பிணைத்த இருவரில் ஆளுக்கொரு வேலை! வகுப்பில் இதைச் சொன்னதும் இருவருக்கும் உடனே பட்டப்பெயர் கிடைத்தது. எது யாருக்கு என்று எழுதினால் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

இந்தப் பாடத்தை நான் விடாமல் நடத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் பணியாற்றிய பள்ளியில், 400 மீட்டர் ஓட்டத்தின் நடுவே ஒரு மாணவன் சுருண்டு விழுந்தான். குளுக்கோஸ் கொடுத்தோம். "காலையில சாப்பிட்டு வரமாட்டியா?" என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். சில வாரங்களில் மறுபடியும் ஓடும்போதே விழுந்தான். சாதாரண இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. ஓடவிட்டு இ.சி.ஜி. எடுத்தபோதுதான் இதயத் துடிப்பு தாறுமாறாவது தெரிந்தது. பீட்டா தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள்.

இதயத் தசைச் செல்லுக்குள் இன்னொரு கதவு இருக்கிறது, சார்கோபிளாச வலையில் உள்ள ரையனோடின் ஏற்பி. வெளியிலிருந்து வரும் கொஞ்சம் கால்சியம் இதைத் திறந்து, சேமிப்பிலிருந்து நிறையக் கால்சியத்தை விடுவிக்கிறது. இங்கும் கால்மோடுலின் பற்றிக்கொண்டு, வேண்டாத நேரத்தில் திறக்காமல் அடக்கிவைக்கிறது. இந்தக் கதவு கசிந்தால், ஓட்டத்திலும் பதற்றத்திலும் அட்ரினலின் ஏறும்போது துடிப்பு குலையும். ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பழுது பெரும்பாலும் ஏற்பியின் மரபணுவிலேயே இருக்கும். கால்மோடுலின் மரபணுவில் ஏற்படும் மாற்றமும் இதே நோயைத் தரும் என்று 2012இல் அறிந்தார்கள். நம்மிடம் ஒரே கால்மோடுலினை உருவாக்கும் மரபணுக்கள் மூன்று, ஆகப் பிரதிகள் ஆறு. ஆறில் ஒன்று பழுதானாலே போதும். "மீதி அஞ்சு நல்லாத்தானே இருக்கு சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். பழுதான சோடியும் கதவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்து நிற்கிறதே!

இது அரிய நோய். மயங்கி விழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பசியோ வெயிலோதான் காரணமாக இருக்கும். ஆனால் ஓட்டத்தின் நடுவே விழுவதை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இப்போது எங்கள் உடற்கல்வி ஆசிரியர் விளையாட்டு விழாவுக்குப் பெயர் எழுதும்போது இரண்டு கேள்விகள் கேட்கிறார். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கியதுண்டா? வீட்டில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென இறந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும், பெற்றோரை அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்பிய பிறகே அந்தப் பெயர் பட்டியலில் ஏறுகிறது.